டோச்சுலாவைத் தாண்டிப் போகும் குளிர்பெட்டி

பூட்டானின் மேற்கையும் கிழக்கையும் இணைப்பது ஒரே ஒரு நெடுஞ்சாலை. தலைநகர் திம்புவில் தொடங்கி டிராஷிகாங் வரை சுமார் 550 கிலோமீட்டர். சமவெளியில் இந்தத் தூரத்துக்கு இரவு ஏறிப் படுத்தால் விடியும்போது இறங்கிவிடலாம். இங்கே இரண்டு முழுப் பகல் வேண்டும். மழைக்காலத்தில் மண் சரிந்துவிட்டால் எப்போது போய்ச் சேருவோம் என்று ஓட்டுநராலும் சொல்ல முடியாது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பாதாளம், நடுவில் ஒன்றரை வண்டி போகிற அகலம். ஒரு வளைவு முடிவதற்குள் அடுத்த வளைவு தொடங்கிவிடும்.

உருளைக்கிழங்கு லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் இடையே இந்தச் சாலையில் சுகாதாரத் துறையின் வண்டியும் போகும். அதில் ஏற்றியிருக்கும் பெட்டிகளில் குழந்தைகளுக்கான தடுப்பூசிக் குப்பிகள் இருக்கின்றன. பணக்கார நாடு, ஏழை நாடு என்ற பேதமில்லாமல் தடுப்பூசி எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்று உலக மாநாடுகளில் பேசுகிறார்கள். அந்தப் பேச்சு நடைமுறையில் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்படும் பயணிக்கு இந்த 550 கிலோமீட்டரைவிட நல்ல பாதை அதிகம் இல்லை. விமானத்தில் வந்திறங்கும் குப்பி யாருடைய தோளில் ஏறி, எந்த மலை கடந்து, எந்தக் குழந்தையின் தொடையை எட்டுகிறது என்பதை இங்கே வளைவு வளைவாகப் பார்க்கலாம்.

1960-களின் தொடக்கம் வரை பூட்டானில் வண்டி ஓடும் சாலையே கிடையாது. இந்திய எல்லையிலுள்ள பூன்ட்ஷோலிங்கிலிருந்து திம்புவுக்குக் கோவேறு கழுதைகளோடு ஆறு நாள் நடக்க வேண்டும். நாடு முழுவதற்கும் இருந்தவை இரண்டு சிறிய மருத்துவமனைகள். அந்த நிலையில் தொடங்கிய நாடு, பெரிய மருத்துவமனைகளைக் கட்டி முடித்த பிறகு கிராமத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கவில்லை. 1974-இல் திம்புவில் ஒரு பயிற்சி நிறுவனம் திறந்து, சுகாதார உதவியாளர்களையும் துணைச் செவிலியர்களையும் உருவாக்கி மலைகளுக்கு அனுப்பியது. ஆரம்ப சுகாதாரமே அனைவருக்குமான நலவாழ்வின் அடித்தளம் என்று 1978-இல் அல்மா ஆட்டாவில் உலக நாடுகள் அறிவித்தன. அதற்கு அடுத்த ஆண்டு, 1979 நவம்பர் 15 அன்று, பூட்டானின் தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. கடைசிப் போலியோ நோயாளி 1986-இல் கண்டறியப்பட்டார். 2017-இல் தட்டம்மையை ஒழித்த நாடாக உலக சுகாதார நிறுவனம் பூட்டானை அறிவித்தது. அதுவரை அந்நாட்டுக்கு உள்நாட்டிலேயே டாக்டர்களைப் படிக்கவைக்கும் எம்.பி.பி.எஸ். கல்லூரிகூட இல்லை. அதன் டாக்டர்கள் இந்தியாவிலும் இலங்கையிலும் வங்கதேசத்திலும் படித்துவிட்டு வந்தவர்கள்.

திம்புவை விட்டு ஒரு மணி நேரத்துக்குள் டோச்சுலா கணவாய் வந்துவிடும். உயரம் சுமார் 3,100 மீட்டர். 2003-இல் தெற்கு எல்லைச் சண்டையில் இறந்தவர்களின் நினைவாக எழுப்பிய 108 ஸ்தூபிகள் பனிமூட்டத்தில் வரிசையாக நிற்கின்றன. வானம் தெளிந்திருந்தால் இமயத்தின் வெள்ளைச் சிகரங்கள் முழுவதும் கண்ணில் படும். பயணிகள் படம் எடுத்துக்கொள்ளும் இந்த இடத்தில் தடுப்பூசி வண்டி நிற்பதில்லை. அது புனாகா பள்ளத்தாக்கின் வெக்கைக்குள் இறங்கி, ஆற்றோரம் வாங்டுபோட்ராங் போய், மீண்டும் ஏறத் தொடங்கும்.

வாங்டுவுக்குக் கிழக்கே, சாலையை விட்டு விலகிய கிளைப் பாதைகளில்தான் ஆரம்ப சுகாதார நிலையங்கள் இருக்கின்றன. தகரக் கூரை, சுண்ணாம்புச் சுவர், வாசலில் பிரார்த்தனைக் கொடிகள். உள்ளே பிரசவ அறை ஒன்று, மருந்து அலமாரி ஒன்று, தடுப்பூசிக்கான குளிர்பெட்டி ஒன்று. டாக்டர் பெரும்பாலும் இருக்க மாட்டார். இரண்டு மூன்று சுகாதாரப் பணியாளர்களே எல்லாம். பிரசவம் பார்ப்பது, வெட்டுக்காயத்துக்குத் தையல் போடுவது, காசநோயாளி மாத்திரையைத் தவறாமல் விழுங்குகிறாரா என்று கவனிப்பது, வீடுகளில் கழிப்பறை இருக்கிறதா என்று பார்ப்பது, அத்தனையும் அவர்கள் வேலை. நாடெங்கும் ஏறத்தாழ 200 நிலையங்கள் இப்படி இருக்கின்றன. மக்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் மூன்று மணி நேர நடைத் தூரத்துக்குள் ஏதாவது ஒரு சுகாதார நிலையத்தை அடைந்துவிட முடியும் என்கிறது அரசு.

மூன்று மணி நேரம் என்பது திடகாத்திரமானவருக்கான கணக்கு. கைக்குழந்தையைத் துணியில் கட்டி முதுகில் போட்டுக்கொண்டு, வழுக்கும் சரிவில் நடக்கும் தாய்க்கு அது முழு நாள். அன்றைய வயல் வேலையும் போச்சு. இதை உணர்ந்துதான், தாய் வருவதற்காகக் காத்திராமல் நிலையமே அவளிடம் போகிறது. மாதத்துக்கு ஒருமுறை, ஊருக்கெல்லாம் தெரிந்த ஒரு குறிப்பிட்ட நாளில், பணியாளர் ஒருவர் தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு மலையேறுகிறார். இப்படி மாத முகாம் நடக்கும் இடங்கள் நாடு முழுவதும் 500-க்கு மேல். சில ஊர்களில் அது ஓர் அறைக் கட்டிடம். சிலவற்றில் ஒரு தகரக் கொட்டகை. உத்திரத்தில் தராசு தொங்கும். குழந்தைகளை ஒவ்வொன்றாகத் தொட்டிலில் உட்காரவைத்து எடை பார்த்துக் கையேட்டில் புள்ளி வைப்பார்கள். கர்ப்பிணிகளுக்கு இரத்த அழுத்தம் பார்ப்பார்கள். கிழவருக்கு மூட்டுவலி மாத்திரை கிடைக்கும். ஊசி இத்தனைக்கும் நடுவில் ஒரு வேலை.

ஊசிக்காக மட்டும் ஒருவர் வந்தால் ஊர் அவரைத் தள்ளி நின்று பார்க்கும். போன மாதம் மருமகளுக்குப் பிரசவம் பார்த்தவர், அதற்கு முந்தைய மாதம் தாத்தாவின் இருமலுக்கு மருந்து கொடுத்தவர் இந்த மாதம் ஊசியோடு வந்தால், அவரிடம் யாரும் வாக்குவாதம் செய்வதில்லை. ஒவ்வொரு ஊரிலும் தன்னார்வச் சுகாதாரத் தொண்டர் ஒருவர் இருக்கிறார். எந்த வீட்டில் குழந்தை பிறந்தது, எந்தக் குடும்பம் மாட்டோடு மேய்ச்சலுக்குப் போய்விட்டது என்று சொல்பவர் அவர். பதிவேட்டில் விட்டுப்போன பெயர் அவர் வாயிலிருந்துதான் வரும்.

பேலே லா கணவாயைத் தாண்டினால் மத்திய பூட்டான். அங்கிருந்து இறங்கும் வழியில், ஆழமான ஒரு பள்ளத்தாக்கின் எதிர்ச்சுவரில் டிரோங்சா கோட்டை தெரியும். கண்ணுக்குத் தெரிந்த பிறகும் அதை அடையச் சாலை நெடுந்தூரம் சுற்றிக்கொண்டு போகிறது. பழைய காலத்தில் கிழக்குக்கும் மேற்குக்கும் இடையே இருந்த பாதை இந்தக் கோட்டை முற்றத்தின் வழியாகவே போனது. டிரோங்சாவின் ஆளுநர் கதவைச் சாத்தினால் நாடு இரண்டாகிவிடும்.

2021-இன் தொடக்கத்தில் உலகத்துக்கு நேர்ந்ததும் இதுவே. அந்த ஆண்டு பிப்ரவரியில் ஐ.நா. பொதுச் செயலாளர் பாதுகாப்பு அவையில் ஒரு கணக்குச் சொன்னார்: அதுவரை போடப்பட்ட கோவிட் தடுப்பூசிகளில் 75 விழுக்காடு வெறும் 10 நாடுகளில் போடப்பட்டவை, 130-க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு ஒரு குப்பிகூடப் போய்ச் சேரவில்லை. பூட்டானுக்கு ஜனவரி 20 அன்றே இந்தியா 1,50,000 டோஸ் கோவிஷீல்டைப் பரிசாக அனுப்பியிருந்தது. வந்தவுடன் திம்புவில் போடத் தொடங்கியிருக்கலாம். தலைநகரில் இருப்பவர்கள், அதிகாரிகள், வசதியுள்ளவர்கள் முதலில் வரிசையில் நின்றிருப்பார்கள். மலையூர்கள் மிச்சத்துக்காகக் காத்திருந்திருக்கும். பல நாடுகளில் நடந்தது அதுதான்.

பூட்டான் குப்பிகளைக் குளிரறையில் வைத்துவிட்டுக் காத்திருந்தது. தகுதியுள்ள எல்லோருக்கும் ஒரே சமயத்தில் போடுமளவுக்குச் சரக்கு வரட்டும் என்றார் பிரதமர் லோட்டே ஷெரிங். அவரே ஓர் அறுவைச் சிகிச்சை மருத்துவர். பதவியில் இருந்தபோதும் சனிக்கிழமைகளில் மருத்துவமனைக்குப் போய் அறுவைச் சிகிச்சை செய்தவர். இடையில் வந்த ஒரு மாதம் பூட்டானியர் நாள்காட்டியில் நல்ல காரியத்துக்கு ஆகாதது என்பதும் கணக்கில் சேர்ந்தது. மார்ச்சில் இந்தியாவிலிருந்து மேலும் 4,00,000 டோஸ் வந்தது. துறவிகள் குறித்துக் கொடுத்த நாளில், மார்ச் 27 காலை 9.30-க்கு, குரங்கு ஆண்டில் பிறந்த ஒரு பெண்ணுக்கு முதல் ஊசி போட்டார்கள். ஜாதகம் பார்த்ததைச் சொல்லி வெளிநாட்டுச் செய்தியாளர்கள் புன்னகைத்திருக்கலாம். மக்கள் எதை நம்புகிறார்களோ அதோடு சண்டை போடாமல் அதையே துணைக்கு அழைத்துக்கொண்டது அந்நாட்டுச் சுகாதாரத் துறையின் விவேகம்.

அதற்குப் பிறகு நடந்ததைப் புள்ளிவிவரமாகச் சொன்னாலே மலைப்பு தட்டும். 1,200-க்கும் மேற்பட்ட தடுப்பூசி மையங்கள். சுமார் 3,000 சுகாதாரப் பணியாளர்கள். ஆரஞ்சுச் சீருடையில் டெசூப் எனப்படும் தன்னார்வலர்கள். 16 நாள்களில் தகுதியுள்ள பெரியவர்களில் 93 விழுக்காட்டினருக்கு முதல் டோஸ் போட்டு முடித்தார்கள். சாலையே இல்லாத வடக்கு எல்லை லுனானாவுக்கு ஹெலிகாப்டரில் குப்பிகள் போயின. இறங்கிய இடத்திலிருந்து ஊர் ஊராகப் பணியாளர்கள் பனியில் நடந்தார்கள். ஆஸ்கர் இறுதிப் பட்டியல் வரை போன பூட்டானியப் படம் ஒன்றில் ஓர் இளம் ஆசிரியர் வேண்டா வெறுப்பாக நாள்கணக்கில் நடந்து போவாரே, அதே லுனானா.

பாராட்டி முடிப்பதற்குள் கதவு மறுபடி சாத்திக்கொண்டது. இந்தியாவில் இரண்டாம் அலை சுழன்றடித்தது, ஏற்றுமதி நின்றது. இரண்டாவது டோஸுக்கு நாடு கையேந்தி நின்றது. டென்மார்க் 2,50,000 டோஸ் அனுப்பியது. நாடுகளுக்குத் தடுப்பூசியைப் பகிரும் கோவேக்ஸ் திட்டத்தின் வழியாக அமெரிக்காவின் 5,00,000 மாடர்னா டோஸ் வந்தது. ஜூலை 20 அன்று மறுபடி தொடங்கி ஒரே வாரத்தில் பெரியவர்களில் 90 விழுக்காட்டினருக்கு இரண்டாம் டோஸையும் போட்டார்கள். கோவிட் அந்நாட்டில் கொன்றவர்கள் மொத்தம் 21 பேர். 7,70,000 மக்கள் மட்டுமே உள்ள நாடு, கண்டிப்பான தனிமைப்படுத்தல், சொன்னால் கேட்கும் மக்கள் எல்லாம் காரணம்தான். சிறிய நாட்டின் கணக்கைப் பெரிய நாட்டின் மேல் அப்படியே வைத்துப் பார்க்க முடியாது. ஆனால் 16 நாள்களை 16 நாள்களில் தயாரிக்க முடியாது. 1979 முதல் மாதா மாதம் நடந்து பழகிய கால்கள் அவை.

அதே 2021-இல் ஆப்பிரிக்காவில் நடந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மலாவிக்கு ஆப்பிரிக்க ஒன்றியம் வழியாக 1,02,000 டோஸ் வந்தபோது அவை காலாவதியாக மூன்று வாரம்கூட இல்லை. முடிந்தவரை போட்டார்கள். மீந்த 19,610 டோஸை மே மாதம் தலைநகர் லிலோங்வேயில் எரித்தார்கள். காங்கோ ஜனநாயகக் குடியரசு தனக்கு வந்த 17,00,000 டோஸில் 13,00,000 டோஸைக் காலாவதியாகும் முன் வேறு நாடுகளுக்குக் கொடுத்துவிட்டது. ‘அவர்களுக்குத் தடுப்பூசியில் அக்கறையில்லை’ என்று பணக்கார நாடுகளில் சிலர் பேசினார்கள். அது அபாண்டம். தாமதமாக, முன்னறிவிப்பின்றி, சாகப்போகும் சரக்கை அனுப்பியவர்கள், அதைச் சுமந்து போக ஆள் இருக்கிறதா, அந்த ஆளுக்குப் பேருந்துக் கட்டணம் இருக்கிறதா என்று கேட்கவில்லை. குப்பிக்குப் பணம் திரட்டிய உலகம், குப்பி நடக்கும் பாதைக்குத் திரட்டவில்லை.

டிரோங்சாவிலிருந்து யோடோங் லா ஏறி இறங்கினால் பும்தாங். ஆப்பிள் தோட்டங்களும் பக்வீட் வயல்களும் பழைய கோயில்களும் நிறைந்த பள்ளத்தாக்கு. இந்தப் பகுதியைக் கடந்துதான் 2002-இல் ஓர் அமைச்சர் நடந்து போனார். அப்போதைய சுகாதார, கல்வி அமைச்சர் சங்காய் நெடுப் டிராஷிகாங்கிலிருந்து திம்பு வரை 560 கிலோமீட்டரை 15 நாள்களில் நடந்தே கடந்தார். பூட்டான் சுகாதார அறக்கட்டளை நிதிக்குப் பணம் திரட்டுவது நோக்கம். 1998-இல் தொடங்கிய அந்த நிதியின் ஏற்பாடு எளிமையானது: 2.4 கோடி டாலர் மூலதனம் சேர்த்து முதலீடு செய்வது. அதன் வருமானத்தில் ஆண்டுதோறும் தடுப்பூசியும் அத்தியாவசிய மருந்தும் வாங்குவது. நன்கொடை நாடுகளின் மனநிலை மாறினாலும் மலையூர்க் குழந்தையின் ஊசி நிற்கக் கூடாது. வழிநெடுக மக்கள் தங்களால் ஆனதைக் கொடுத்தார்கள். வெளிநாட்டு உதவி ஒருநாள் நின்றுபோகும் என்று அப்போதே அந்நாட்டுக்குத் தெரிந்திருந்தது. ஏழை நாடுகளுக்குத் தடுப்பூசி வாங்க உதவும் ‘கவி’ (Gavi) என்ற சர்வதேசக் கூட்டமைப்பின் ஆதரவிலிருந்து பூட்டான் வெளியேறி 2016 முதல் தன் தடுப்பூசிகளுக்குத் தானே பணம் கொடுக்கிறது. வருமானம் ஒரு வரம்பைத் தாண்டியதும் இப்படி உதவி குறையும்போது பல வளரும் நாடுகள் தடுமாறுகின்றன. பூட்டான் தடுமாறாததற்கு அந்த 15 நாள் நடையும் ஒரு காரணம்.

எல்லாம் சுமுகமாக நடந்துவிடவில்லை. 2009-இல் ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசியை அறிமுகப்படுத்திய சிறிது காலத்திலேயே, ஊசி போட்ட சில குழந்தைகளுக்கு மூளைக் காய்ச்சல் வந்ததாகத் தகவல் வந்தது, இறப்புகளும் இருந்தன. அரசு உடனே ஊசியை நிறுத்தியது. விசாரணையில் ஊசிதான் காரணம் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. 2011-இல் மீண்டும் தொடங்கினார்கள். சந்தேகம் வந்தபோது மறைக்காமல் நிறுத்தி, ஆராய்ந்து, பிறகு தொடங்கியதால் மக்களின் நம்பிக்கை உடையவில்லை. வதந்தியை எதிர்க்க விளம்பரப் பலகை போதாது என்பதற்கு இது நல்ல சான்று. ஊருக்குள் வந்து பதில் சொல்ல ஒரு முகம் வேண்டும்.

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான எச்.பி.வி. தடுப்பூசியிலும் ஒரு பாடம் கிடைத்தது. நடுத்தர, குறைந்த வருமான நாடுகளில் அதை மிக முன்னதாகவே நாடு முழுவதும் கொண்டு வந்தவற்றில் ஒன்று பூட்டான், ஆண்டு 2010. முதல் முறை பள்ளிகளுக்கே போய்ச் சிறுமிகளுக்குப் போட்டார்கள். ஏறக்குறைய எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. அடுத்த சில ஆண்டுகள், ‘சுகாதார நிலையத்துக்கு வந்து போட்டுக்கொள்ளுங்கள்’ என்று மாற்றினார்கள். எண்ணிக்கை சுமார் 70 விழுக்காட்டுக்குச் சரிந்தது. ஊசி அதே ஊசி, பணியாளரும் அதே பணியாளர். நடக்க வேண்டியவர் மட்டும் மாறினார். 2014-இல் மறுபடி பள்ளிக்கே போனார்கள், எண்ணிக்கை மீண்டது.

பும்தாங்கைத் தாண்டி ஊரா கிராமம். அதற்கப்பால் காடு அடர்ந்து சாலை ஏறிக்கொண்டே போய் த்ரும்சிங் லாவைத் தொடுகிறது. இந்த நெடுஞ்சாலையின் உச்சி இதுதான். உயரம் சுமார் 3,780 மீட்டர். குளிர்காலத்தில் சாலையில் பனி உறைந்திருக்கும். அங்கிருந்து கிழக்கே இறங்கும்போது பயணி ஒரே பகலில் பருவங்களைக் கடக்கிறார். முதலில் ஃபிர் மரங்கள், பிறகு ரோடோடென்ட்ரான், பிறகு மூங்கில், நம்லிங் பாறைச் சுவரில் தொங்கும் சாலை, கடைசியில் லிங்மேதாங்கில் வாழை மரம். உயரம் வெறும் 650 மீட்டர். போர்த்தியிருந்த கம்பளி எப்போது மடியில் வந்து விழுந்தது என்று தெரியாது.

மனிதர் கம்பளியைக் கழற்றிவிடலாம். குப்பியால் முடியாது. வழக்கமான தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும். வெயில் கெடுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். குளிரும் கெடுக்கும் என்பது பலருக்குத் தெரியாது. ஹெபடைடிஸ் பி, பென்டாவேலன்ட் போன்ற ஊசிமருந்துகள் ஒருமுறை உறைந்துவிட்டால் பிறகு உருகினாலும் பயனில்லை. பார்வைக்கு மருந்து அப்படியே இருக்கும். குழந்தைக்குப் போடுவார்கள், அழும், கையேட்டில் எழுதுவார்கள், பாதுகாப்பு மட்டும் கிடைத்திருக்காது. த்ரும்சிங் லாவில் உறையும் ஆபத்து, லிங்மேதாங்கில் வெந்துபோகும் ஆபத்து, இரண்டும் ஒரே மாலையில் ஒரே பெட்டிக்கு.

இதைக் காப்பாற்றும் வித்தை இயந்திரத்தில் பாதி, கையில் பாதி. உறைபெட்டியிலிருந்து எடுத்த ஐஸ்பேக்கை அப்படியே தடுப்பூசிப் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. வெளியே வைத்து வியர்க்கவிட வேண்டும். காதருகே ஆட்டிப் பார்த்தால் உள்ளே தண்ணீர் அசையும் ஓசை கேட்க வேண்டும். அதன் பிறகே பெட்டிக்குள் போகலாம். அவசரக்காரர் இந்த நிமிடங்களை மிச்சம் பிடிப்பார், குப்பிகள் உறையும். குப்பி உறைந்ததா என்ற சந்தேகம் வந்தால், வேண்டுமென்றே உறையவைத்து உருக்கிய இன்னொரு குப்பியோடு சேர்த்துக் குலுக்கிப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். உறைந்து கெட்டதில் வண்டல் சீக்கிரம் அடியில் படியும். குப்பியின் மேல் ஒட்டியிருக்கும் சிறிய சதுரம் வெப்பம் பட்டால் கருத்துக்கொண்டே வரும். அதைச் சுற்றியுள்ள வட்டத்தின் நிறத்தைத் தொட்டுவிட்டால் தூக்கிப்போட வேண்டியதுதான். இத்தனையும் கற்றுக்கொடுத்து, ஆண்டுதோறும் நினைவூட்டி, தவறு செய்தால் திருத்த மேற்பார்வையாளர் ஒருவரை அனுப்பிவைப்பதற்குப் பெயர்தான் ஆரம்ப சுகாதாரத்தை வலுப்படுத்துவது. படத்தில் காட்ட இதில் ஒன்றும் இல்லை. திறப்பு விழா நடத்தவும் வழியில்லை.

மோங்காரில் கிழக்குப் பகுதிக்கான பெரிய மருத்துவமனை இருக்கிறது. அங்கிருந்து கோரி லா ஏறி, யாடியின் கொண்டையூசி வளைவுகளில் இறங்கினால் மாலைக்குள் டிராஷிகாங். நெடுஞ்சாலை முடிகிறது. தடுப்பூசியின் பயணம் முடியவில்லை.

டிராஷிகாங் மாவட்டத்தின் கிழக்கு மூலையில், 3,000 மீட்டருக்கு மேல், மெராக், சாக்தெங் என்று இரண்டு உயர்ந்த பள்ளத்தாக்குகள். புரோக்பா மக்களின் இடம். யாக் ரோமத்தில் செய்த, ஐந்து வால் தொங்கும் தொப்பி அவர்களின் அடையாளம். யாக்குகளை ஓட்டிக்கொண்டு கோடையில் மேலேயும் குளிர்காலத்தில் கீழேயும் போகிறார்கள். வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் விற்று அரிசி வாங்குகிறார்கள். உலகின் எல்லா நாடுகளிலும் தடுப்பூசி தவறிப்போகும் குழந்தைகள் இப்படிப்பட்ட குடும்பங்களில்தான் அதிகம்: இடம் மாறுகிறவர்கள், மலை உச்சியில் இருப்பவர்கள், எல்லையில் இருப்பவர்கள், நகரச் சேரியில் முகவரி இல்லாதவர்கள். 2023-இல் உலகில் ஒரு கோடியே 45 லட்சம் குழந்தைகளுக்கு முதல் ஆண்டில் ஒரே ஒரு ஊசிகூடக் கிடைக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் கணக்கிட்டன.

புரோக்பா குழந்தைக்கு ஊசி கிடைப்பது, அந்தக் குடும்பம் இந்த மாதம் எந்த மேய்ச்சலில் இருக்கிறது என்று தெரிந்த ஒருவர் இருப்பதால். 2021 ஜூனில், 4,343 மீட்டர் உயரம் வரை போகும் மலைப்பாதையில் பூட்டான் மன்னர் ஐந்து நாள் நடந்து போய், தொலைவில் வேலை செய்யும் ஆரம்ப சுகாதாரப் பணியாளர்களுக்கு நேரில் நன்றி சொன்னார். நாடு எதன்மேல் நிற்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அவர்களை நிறுத்திவைக்க நன்றி மட்டும் போதவில்லை. 2022-க்குப் பிறகு ஆயிரக்கணக்கான பூட்டானியர் ஆஸ்திரேலியாவுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். பெர்த் நகரில் ஒரு சிறிய பூட்டானே உருவாகிவிட்டது. போனவர்களில் செவிலியர்களும் சுகாதார உதவியாளர்களும் ஏராளம். 2023-இல் அரசு ஊழியர் சம்பளத்தைக் கணிசமாக உயர்த்தியும் ஓட்டம் உடனே நின்றுவிடவில்லை. அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஏழை நாடு பல ஆண்டு செலவழித்துப் பயிற்றுவித்த செவிலியரைப் பணக்கார நாடு ஒரு விசாவில் எடுத்துக்கொள்கிறது. குப்பிகளைப் பதுக்கியதை அநியாயம் என்றால் இதையும் அந்தப் பெயரால்தான் அழைக்க வேண்டும். மெராக்கில் ஒரு பணியாளர் இடம் காலியானால், பதிவேட்டில் இல்லாத குழந்தையை நினைவில் வைத்திருந்த ஒருவர் போய்விட்டார் என்று பொருள்.

வழி இல்லாமல் இல்லை. எத்தியோப்பியா 2003-இல் தொடங்கிய திட்டத்தில் ஒவ்வொரு சிற்றூர்த் தொகுதிக்கும் இரண்டு பெண்களுக்கு ஓராண்டு பயிற்சி கொடுத்து, அரசுச் சம்பளத்தில் அமர்த்தியது. இப்போது அவர்கள் 30,000-க்கும் மேல். மற்ற பல நாடுகளில் இதே வேலையைச் செய்யும் பெண்களுக்கு ஊக்கத்தொகையும் ஒரு சேலையும் சான்றிதழும்தான். பூட்டானின் ஊர்த் தொண்டர்களும் இன்றுவரை சம்பளமில்லாதவர்களே. அதை அந்நாடு மாற்றிக்கொள்ள வேண்டும்.

2025 மே மாதம் உலக சுகாதார மாநாடு பெருந்தொற்று உடன்படிக்கை ஒன்றை ஏற்றுக்கொண்டது. அடுத்த பெருந்தொற்றின்போது தடுப்பூசி தயாரிப்பில் 20 விழுக்காட்டை உலக சுகாதார நிறுவனத்தின் வழியாகத் தேவைப்படும் நாடுகளுக்கு ஒதுக்குவது அதிலுள்ள திட்டம்; விவரங்களைப் பேசி முடிக்கும் வேலையை அப்போது பாக்கி வைத்தார்கள். குப்பிகளின் பங்கைப் பற்றி உலகம் பேச வந்தது நல்லதே. அந்த 20 விழுக்காட்டைத் த்ரும்சிங் லாவுக்கு அப்பால் சுமந்து போகிறவரின் சம்பளம் எந்தக் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது என்று அந்த மேசையில் உட்காரும் ஒவ்வொரு அரசிடமும் அதன் மக்கள் கேட்க வேண்டும். தங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எத்தனை பணியிடங்கள் காலியாக இருக்கின்றன என்று விசாரிப்பதில் வாசகர்கள் அதைத் தொடங்கலாம்.